வீட்டின் மூக்கு

ருஷ்ய நாவல்களைத் தமிழில் முதன்முதலாக வாசித்த காலத்தில், மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் மலிவு விலையில் அனுப்பிய கெட்டி அட்டைப் புஸ்தகங்களில், இரண்டு விஷயங்கள் எனக்குப் பிடிபடாமலே இருந்தன. ஒன்று, கிழவர்கள் அடுப்பின் மேல் ஏறிப் படுத்துக்கொள்வது. மற்றது, குளிர்காலம் தொடங்குமுன் ஜன்னல் இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, அதன்மேல் காகிதப் பட்டை ஒட்டி, வீட்டையே மூடிவிடுவது. அப்படி மூடிய பிறகும் யாராவது எழுந்துபோய் ஜன்னலில் உள்ள ஒரு சிறு கண்ணாடிக் கதவை மட்டும் திறப்பது. அடுப்பு என்றால் விலகி நிற்க வேண்டிய இடம் என்று வளர்ந்தவனுக்கு முதலாவது வேடிக்கையாக இருந்தது. இரண்டாவது சுத்த முரண். மொழிபெயர்ப்பில் ஏதோ தவறியிருக்கிறது என்று ஒதுக்கிவிட்டு மேலே வாசித்தேன். அந்த மனிதர்களின் ஆத்ம வேதனைகளில் இருந்த சிரத்தை அவர்கள் வீட்டுச் சுவர்களில் எனக்கு இருக்கவில்லை.

இப்போது அந்தச் சுவர்களைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. அவற்றில் ஒரு தார்மீகப் பிரச்னை இருக்கிறது. ஆத்ம வேதனைகளுக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததல்ல என்பது என் கட்சி.

குளிர்தேசத்து வீடு என்றதும் நமக்குத் தோன்றுவது நெருப்பு. பிரச்னை நெருப்பை உண்டாக்குவது என்று நினைக்கிறோம். ஆனால் நெருப்பு சுலபம். உண்டான சூட்டை ராத்திரி முழுவதும் வீட்டுக்குள் நிறுத்தி வைப்பதுதான் கஷ்டம். இருக்கும் சூடு இல்லாத இடத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும்: சுவர் வழியாகக் கடந்து போகும், காற்றோடு காற்றாக இடுக்குகளில் கசியும், கண்ணாடி வழியாகக் கதிராகவும் வெளியேறும். இதை நிறுத்தும் சுவர் உலகத்தில் எங்கும் இல்லை. எத்தனை கனமாகக் கட்டினாலும் நடப்பது ஒன்றுதான்: போகிற சூடு சற்று மெதுவாகப் போகிறது. காப்பது என்று நாம் சொல்வதெல்லாம் தாமதப்படுத்துவதே.

தாமதப்படுத்துவதற்கு மனிதனுக்குக் கிடைத்த முக்கியமான உபாயம் அசையாத காற்று. அசையும் காற்று சூட்டை அள்ளிக்கொண்டு போகும்; அசையாத காற்று வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆகவே காற்றைச் சின்னஞ்சிறு இடைவெளிகளில் சிறை வைத்தால் போதும். ஆட்டு ரோமம், வைக்கோல், அடுக்கிய மரங்களுக்கு நடுவே திணித்த பாசி, இன்றைய கண்ணாடி நார்ப் பஞ்சு எல்லாம் செய்வது இந்த ஒரே காரியத்தைத்தான். பனியும் அப்படித்தான், காற்றழுத்திக் கெட்டித்த பனியிலும் பாதிக்கு மேல் காற்றே. இவற்றில் எதுவும் தானாகச் சூடு தருவதில்லை. கம்பளி சூடு தருகிறது என்பது நாம் பேச்சுக்குச் சொல்வது. பிணத்தைச் சுற்றிய கம்பளி சூடாவதில்லை.

தாமதத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ஸ்வீடனில் விறகுத் தட்டுப்பாடு கடுமையானபோது, குறைந்த விறகில் எரியும் அடுப்பு ஒன்றை வடிவமைக்கும்படி கார்ல் யோஹான் க்ரூன்ஸ்டெட், ஃபாபியன் வ்ரேடே என்ற இருவரை அரசு கேட்டுக்கொண்டது. 1767இல் அவர்கள் வெளியிட்ட திட்டத்தில் புதிய எரிபொருளோ பெரிய தீயோ இல்லை. புகை நேரே மேலே போகாமல், செங்கல்லால் கட்டிய நீண்ட பாதைகளில் ஏறி இறங்கி ஏறி, தன் சூட்டையெல்லாம் செங்கல்லுக்குக் கொடுத்துவிட்டுக் கடைசியில் வெளியேறும். காலையில் ஓரிரு மணி நேரம் விறகு எரிந்தால் போதும். பொழுது சாயும்வரை ஓட்டடுப்பு கதகதவென்றிருக்கும். ருஷ்யக் கிழவன் ஏறிப் படுத்ததும் இந்த மாதிரி ஒரு செங்கல் மலையின் மேல்தான். அவன் படுத்தது தீயின் மேல் அல்ல, காலையில் எரிந்த தீயின் ஞாபகத்தின் மேல் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

இந்த மாதிரி வாக்கியங்களில்தான் எழுத்தாளனுக்கு ஆபத்து இருக்கிறது. வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிய உடனே அது வேறொன்றாகிவிடுகிறது. நம் பாஷையில் இது இன்னும் சுலபம். அகம் என்றால் வீடு. அகம் என்றால் உள்ளே. அகம் என்றால் மனம். புறத்தை மூடினால் அகம் காக்கப்படும் என்று ஒரு பத்தி எழுதலாம். மூடினால் அகம் அழுகும் என்று அதற்கு எதிராக இன்னொரு பத்தியும் எழுதலாம். இரண்டும் சமமாக அழகாயிருக்கும். இரண்டிலும் யாருக்கும் குளிராது. எனவே உவமையைக் கொஞ்ச நேரம் வெளியே நிறுத்திவிட்டு வீட்டை வீடாகவே பார்ப்போம்.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன் சுமார் 100 வாட் சூட்டை வெளிவிடுகிறான். பழைய குண்டு பல்பு ஒன்றுக்குச் சமம். அதே மனிதன் அதே நேரத்தில் மூச்சு விடுகிறான். மூச்சிலும் வியர்வையிலுமாக ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீரை ஆவியாக்கி அறைக்குள் விடுகிறான். கரியமில வாயுவை விடுகிறான். இருமினால் நோயையும் விடுகிறான். வீட்டுக்கு அவன் சூடு வேண்டும், மூச்சு வேண்டாம். ஆனால் சூடான காற்றும் மூச்சுவிட்ட காற்றும் ஒரே காற்று. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அனுப்ப வேண்டும். குளிர்தேசத்து வீட்டின் சரித்திரம் முழுக்க இந்தக் கணக்கைப் போடத் தெரிந்ததும், தெரியாமற் போனதும், போட மறுத்ததுமாகவே எனக்குப் படுகிறது.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே லூயிஸ் தீவில் ‘கறுப்பு வீடு’ என்று அழைக்கப்பட்ட வீடுகள் இருந்தன. ஆர்னல் என்ற கிராமத்தில் ஒன்றை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 1960களின் நடுவரை அதில் குடித்தனம் நடந்தது. சாந்தில்லாமல் அடுக்கிய இரண்டு கற்சுவர்கள், நடுவில் மண். அட்லாண்டிக் காற்றை வழுக்கி விடும்படி உருண்ட தாழ்ந்த கூரை. நடுவீட்டில் தரையிலேயே பீட் என்ற கரிமண் இரவும் பகலும் கனன்றுகொண்டிருக்கும். புகைபோக்கி கிடையாது. புகை கூரை வேய்ந்த வைக்கோலில் வடிந்து தானே வெளியேறும்; புகையேறிய கூரையைப் பிரித்து வயலுக்கு உரமாகப் போடுவார்கள். அதே கூரையின் கீழே ஒரு கோடியில் மாடுகள். மாட்டின் சூடும் வீட்டின் கணக்கில் சேர்ந்தது.

இதில் ஒரு ஐக்கியம் இருக்கிறது என்று மயங்குபவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் அந்த ஐக்கியத்துக்கான விலையைக் கண்ணும் நெஞ்சும் கொடுத்தன. சூடு போய்விடுமே என்று புகையையும் உள்ளே வைத்துக்கொண்ட வீடு அது. பின்னால் சுகாதார அதிகாரிகள் மாட்டுக்கும் மனிதனுக்கும் நடுவே சுவர் வைக்கச் சொன்னார்கள், புகைபோக்கி வந்தது. புகை போயிற்று, அதோடு சூடும் போயிற்று. திறந்த கணப்பின் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக ஆகாயத்துக்குப் போகும். அந்த இழுப்புக்கு ஈடுகட்ட ஒவ்வொரு கதவிடுக்கிலும் வெளிக்குளிர் உள்ளே வரும். முகம் வேகும், முதுகு விறைக்கும். இருந்தும் அது முன்னேற்றமே. மூச்சு முக்கியம் என்று ஒப்புக்கொண்டதற்குக் கொடுத்த விலை அது. விறகும் நிலக்கரியும் வாங்க முடிந்தவர்கள் விலையைக் கொடுத்தார்கள். முடியாதவர்கள் குளிரில் இருந்தார்கள், அல்லது இடுக்குகளில் கந்தையைத் திணித்துத் திரும்பவும் புகையில் இருந்தார்கள்.

இந்தக் கணக்கை மிகச் சுத்தமாகப் போட்டவர்கள் கனடாவின் வட கோடியில் இருந்த இனுயிட் மக்கள் என்று நினைக்கிறேன். இனுயிட் எல்லோரும் எப்போதும் பனிவீட்டில் வாழ்ந்தவர்கள் அல்ல. மத்திய ஆர்க்டிக் பிரதேசத்தவர்களுக்குத்தான் அது குளிர்காலக் குடியிருப்பு. 1883–84இல் பாஃபின் தீவில் அவர்களோடு தங்கிய ஃப்ரான்ஸ் போவாஸ் 1888இல் வெளியான தன் நூலில் அதை நுணுக்கமாக விவரித்திருக்கிறார்.

காற்றடித்துக் கெட்டித்த பனியைக் கத்தியால் கட்டிகளாக அறுத்து, உள்ளே நின்றுகொண்டே சுருளாக அடுக்கிக் கவிகை மூடுவார்கள். நுழைவது குனிந்து போகும் ஒரு சுரங்கவழி. அது தாழ இருக்கும், படுக்கும் மேடை உயர இருக்கும். சூடான காற்று மேலே தங்கும். குளிர்ந்த காற்று கனமானதால் தாழ்ந்த வழியிலேயே கிடக்கும், படியேறி வராது. கதவில்லாமலே குளிரை வாசலில் நிறுத்தும் ஏற்பாடு இது. மேடையில் கரிபு மான் தோல்கள். ஒரு கல்விளக்கு: நம் பாட்டிமார் குழம்பு வைத்த கல்சட்டியின் அதே மாக்கல்லைக் குடைந்து செய்த அகலமான அகல், ஸீல் பிராணியின் கொழுப்பு, பாசியை உலர்த்திப் பொடித்த திரி. திரியைத் தட்டித் தட்டிச் சுடரைப் புகையாமல் வைத்திருப்பது வீட்டுப் பெண்ணின் வேலை. அந்த விளக்கும் உடம்புகளின் சூடும்தான் மொத்த வருமானம். உட்சுவர் இளகி உறைந்து கண்ணாடிபோல் ஆகிக் காற்றுப் புகாமல் அடைத்துவிடும். வெளியே −40 டிகிரி. உள்ளே உறைநிலைக்கு ஒன்றிரண்டு டிகிரி மேலே. தோல்களை உள்விதானமாகக் கட்டினால் இன்னும் அதிகம்.

இத்தனையும் செய்து முடித்த பிறகு அவர்கள் மேலே ஒரு துவாரம் போடுவார்கள். அதற்கு அவர்கள் பாஷையில் ‘கிங்காக்’. மூக்கு என்று அர்த்தம்.

பல நாள் நான் யோசித்தது இந்தத் துவாரத்தைப் பற்றித்தான். உலகத்திலேயே சூடு மிகவும் அருமையான இடம் அது. ஒரு ஸீலுக்காகப் பனித்துளையருகே மணிக்கணக்கில் அசையாமல் நின்ற வேட்டைக்காரனின் பிரயத்தனம் அந்த விளக்கில் எரிகிறது. அந்தச் சூடு ஏறிச் சேரும் இடத்திலேயே, மேலேயே, தன் கையால் ஓட்டை போடுகிறான். விளக்கு மங்கினால், தலை கனத்தால் துவாரத்தைப் பெரிதாக்குகிறார்கள்; காற்று வீசினால் ஒரு பிடி பனியால் குறுக்குகிறார்கள். எவ்வளவு இழக்கலாம் என்று தினமும், ஒவ்வொரு வேளையும் தீர்மானிக்கிறார்கள். தீர்மானிப்பவர்களும் உள்ளே மூச்சுவிடுபவர்களும் ஒரே ஆட்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கடைசி விஷயம்.

1950களிலும் 60களிலும் இந்த மக்கள் முகாம்களிலிருந்து நிலைத்த குடியிருப்புகளுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம், காசநோய் என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. சில நியாயமானவை, சில நிர்ப்பந்தம். தெற்கே வரைந்து, பலகைகளாகத் தயாரித்து, கப்பலில் அனுப்பிய ஓரறை வீடுகள் தரப்பட்டன. தீப்பெட்டி வீடுகள் என்று அவற்றுக்குப் பெயர் வந்தது. பின்னால் வந்தவை பெரியவை, நல்ல வெப்பக்காப்பு உள்ளவை, இறுக்கமானவை. அங்கே எண்ணெய் கோடையில் கப்பலில் வந்தால்தான் உண்டு. அது வருஷம் முழுவதும் வர வேண்டும். எனவே இறுக்கியது தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் தெற்கே போட்ட கணக்கில் ஒரு வீட்டுக்கு எத்தனை பேர் என்பது தப்பு. வீடுகள் போதாததால் இரண்டு குடும்பங்கள், மூன்று தலைமுறைகள் ஒரே வீட்டில்.

இப்போது நுனாவுட் என்று அழைக்கப்படும் அந்தப் பிரதேசத்தில் பாஃபின் தீவுப் பகுதியின் 49 வீடுகளில், சின்னக் குழந்தைகள் உள்ள வீடுகளில், செய்த ஓர் ஆய்வு 2007இல் வெளியாயிற்று. சராசரியாக வீட்டுக்கு 6 பேர். ஏறக்குறைய 5இல் 4 வீடுகளில், ஓர் ஆளுக்கு இவ்வளவு காற்று வர வேண்டும் என்று கனடாவே வைத்திருந்த அளவுக்குக் குறைவாகவே காற்று வந்துகொண்டிருந்தது. கரியமில வாயு ஏற ஏற, ஆட்கள் கூடக் கூட, குழந்தைகளுக்கு நெஞ்சுச்சளி நோய் கூடியது. அநேகமாக எல்லா வீடுகளிலும் புகைபிடிப்பவர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இனுயிட் கைக்குழந்தைகள் நெஞ்சுச்சளியால் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுவது உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று.

பனிவீட்டில் இருந்த மூக்கு இந்த வீடுகளில் இல்லையா என்று கேட்கலாம். பேருக்கு ஏதோ ஒரு துவாரம், ஒரு விசிறி இருந்திருக்கும். −30 டிகிரிக் காற்று நேரே முகத்தில் அடிக்கிற துவாரத்தை எந்தத் தாயும் துணியால் அடைக்கத்தான் செய்வாள். அவள்மேல் குற்றமில்லை. சூட்டைக் காப்பது என்ற ஒன்றையே நோக்கமாக வைத்துக் கட்டிய வீட்டில், மூச்சு என்பது கடைசியில் யாரோ சேர்த்த ஒரு சாமானாக இருக்கும்போது அப்படித்தான் நடக்கும். அவளுடைய தகப்பன் கத்தியால் வெட்டிய துவாரத்தின் அளவு அவள் வீட்டுக்கு ஆயிரக்கணக்கான மைல் தெற்கே, இன்னொருவன் மேஜையில் தீர்மானிக்கப்பட்டுவிட்டது.

இதிலிருந்து நவீனம் கெட்டது, பழமை நல்லது என்ற முடிவுக்கு வருபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. காரணம் அதே தேசத்திலேயே இருக்கிறது.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு சஸ்காட்சவன் மாகாண அரசு, தன் சீதோஷ்ணத்துக்கு ஏற்ற சூரிய வீடு ஒன்றைக் கட்டிக்காட்டும்படி ஆராய்ச்சிக்காரர்களைக் கேட்டது. ஹெரால்ட் ஓர் முதலான பொறியாளர்கள் யோசித்துப் பார்த்தார்கள். குளிர் −40வரை இறங்கும், பகல் குறுகிய அந்த ஊரில் சூரியனைத் தேடிப் போவதைவிட இருப்பதைப் போகவிடாமல் பார்ப்பது புத்திசாலித்தனம் என்று முடிவு செய்தார்கள். 1977இல் ரெஜைனா நகரில் அந்த வீடு எழுந்தது. சுமார் ஓரடி கனமான இரட்டைச் சுவர். அதைவிடக் கனமாகக் காப்பிட்ட கூரை. சுவரின் உட்புறமாக வீடு முழுவதையும் சுற்றிக் கிழிசலில்லாத பாலிஎதிலீன் தாள். இந்தத் தாள் காற்றுக்கு மட்டுமல்ல, மூச்சின் ஈரத்துக்கும். ஈரம் சுவருக்குள் புகுந்தால் பாதி வழியில் குளிர்ந்து தண்ணீராகிப் பஞ்சை நனைக்கும், மரத்தை உளுக்கும், பூசணம் பிடிக்கும். கதவில் விசிறி பொருத்திக் காற்றை இழுத்து எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கும் முறையை வளர்த்தவர்களில் இவர்களும் உண்டு. வீட்டில் ஃபர்னஸ் கிடையாது. கேட்டவர்களைத் திருப்திப்படுத்தக் கூரையில் சூரியக் குழாய்களையும் வைத்தார்கள். தொல்லை கொடுத்தவை அவைதான், பின்னால் எடுத்துவிட்டார்கள். சுவர்கள் நிற்கின்றன.

இவ்வளவு இறுக்கிய வீட்டில் மூச்சு என்ன ஆகும்? இந்தக் கேள்வியை அவர்கள் முதலிலேயே கேட்டார்கள் என்பதுதான் இந்த வீட்டுக்கும் வடக்கே போன வீடுகளுக்கும் உள்ள வித்தியாசம். அவர்கள் செய்த பதில் ஒரு பெட்டி. அதற்குள் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். வெளியேறும் அழுக்குக் காற்று ஒரு பக்கமாகப் போகும். உள்ளே வரும் சுத்தமான குளிர்காற்று தகட்டின் மறுபக்கமாக எதிர்த்திசையில் வரும். இரண்டும் கலப்பதில்லை. போகிறது தன் சூட்டில் பெரும்பங்கைத் தகடு வழியாக வருவதற்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. மூச்சு போய்விடுகிறது, அதன் சூடு தங்கிவிடுகிறது. ஒரே காற்றாக இருந்த இரண்டையும் பிரிக்க முடியும் என்று ஆகிவிட்டது.

1991இல் ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரில் குடியேறப்பட்ட நான்கு வரிசை வீடுகள் இதன் அடுத்த படி. வொல்ஃப்காங் ஃபைஸ்ட் என்ற ஜெர்மன் பௌதிகரும் ஸ்வீடனின் போ ஆடம்ஸனும், முன்பு நடந்த முயற்சிகளை அறிந்து, பேசி உருவாக்கிய கருத்து அது. வருஷத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு 15 கிலோவாட் மணிக்கு மேல் சூட்டுக்காகச் செலவாகக்கூடாது என்பது அவர்கள் விதி. பழைய வீடுகள் தின்றதில் ஏறக்குறைய 10இல் 1 பங்கு. இந்த வீடுகளில் எனக்கு ஆச்சரியமாக இருப்பது வேறொன்று. இங்கே மனிதனின் 100 வாட் கணக்கில் வருகிறது. நாலு நண்பர்கள் வந்து உட்கார்ந்தால் வீடு சூடாகிறது. எல்லோரும் ஊருக்குப் போனால் வீடு மெல்ல ஆறுகிறது. பெரிய ஃபர்னஸும் ஆயிரம் இடுக்குகளும் உள்ள வீட்டுக்கு ஆள் இருப்பதும் இல்லாததும் ஒன்று; அது ஆகாயத்தைச் சூடாக்கிக்கொண்டிருக்கும் இயந்திரம். பனிவீட்டுக்கும் கறுப்பு வீட்டுக்கும் உள்ளே எத்தனை ஜீவன் என்பது தெரியும். சுற்றி வந்து இந்த வீட்டுக்கும் அது தெரிகிறது.

நுனாவுட்டுக்கும் அந்தப் பெட்டி போயிற்று. 2009இல் வெளியான ஆய்வில், பெட்டி பொருத்திய வீடுகளின் குழந்தைகளுக்கு இழுப்பு குறைந்தது. எல்லாம் தீர்ந்துவிடவில்லை. பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். அங்கே மின்சாரம் என்றால் டீசல். உள்ளே பனி உறையும், வடிகட்டியைத் துடைக்க வேண்டும், பழுதானால் பாகம் வர வேண்டும். மூக்கைப் பராமரிக்க ஒருவர் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், ஆறு பேருக்கும் எட்டுப் பேருக்கும் போதுமான வீடு வேண்டும். அதற்கு எந்தப் பெட்டியும் பதில் அல்ல.

இதையெல்லாம் சொன்னபோது ஒரு நண்பர், “இது இன்ஜினீயர் சமாச்சாரம், இதில் தார்மீகம் எங்கே வருகிறது?” என்றார். நான் சொல்ல முயல்வது இதுதான். காப்பது, சேமிப்பது, சிதறவிடாதிருப்பது இவற்றைச் சந்தேகமில்லாத குணங்களாக நாம் எடுத்துக்கொள்கிறோம். எதைக் காக்கிறோம் என்று மட்டும் கேட்கிறோம். எதை இழக்கச் சம்மதிக்கிறோம் என்று கேட்பதில்லை. இழப்பைத் தீர்மானிக்காமல் காப்பைத் தீர்மானித்தால், அந்த இழப்பு போய்விடுவதில்லை. வீட்டுக்குள் அதிகம் மூச்சுவிடுபவர்கள், நாள் முழுவதும் வீட்டிலேயே கிடப்பவர்கள் தலையில் போய் விழுகிறது. அதாவது குழந்தைகள் மேல். கறுப்பு வீட்டில் அப்படி நடந்ததற்கு அறியாமை காரணம். வேறு வழி தெரியவில்லை. தெரிந்த பிறகும், 1977இல் ரெஜைனாவில் கட்டிக் காட்டிய பிறகும், 2007இல் வடக்கே அதே நடந்ததற்கு அறியாமை காரணமல்ல. கணக்கில் யாரைச் சேர்ப்பது என்ற தீர்மானம் காரணம்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த வடக்கு நிலங்களில் வீடுகள் தரையில் உட்காருவதில்லை. தூண்கள் மேல் நிற்கின்றன, அடியில் காற்று ஓடுகிறது. சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரிலும் இப்படித்தான். காரணம், கீழே மண் நிரந்தரமாக உறைந்திருக்கிறது. வீட்டின் சூடு தரையில் இறங்கினால் மண் இளகும், வீடு சாயும். தன் சூட்டாலேயே தன் அஸ்திவாரத்தைக் கரைத்துக்கொள்ளும். ஆகவே அங்கே வெப்பக்காப்பு உள்ளே இருப்பவர்களைக் குளிரிலிருந்து காப்பதற்கு மட்டுமல்ல, வெளியே இருக்கும் குளிரை நம்மிடமிருந்து காப்பதற்கும்தான். வெளியை எதிரி என்று நினைத்துக் கட்டியவன் அந்த மண்ணில் வீடு கட்ட முடியாது. பூமி சூடேறி உறைந்த மண் தானே இளகத் தொடங்கியிருக்கும் இன்றைய நிலையில், தெற்கே எரித்த அத்தனை ஃபர்னஸ்களின் கணக்கும் அந்தத் தூண்களின் அடியில் வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது.

வெளியே நிறுத்திய உவமையை இப்போது ஒரு நிமிஷம் உள்ளே விடுகிறேன். நம் மாதிரிச் சிறு பத்திரிகைகளை, ஜன்னல் அடைத்த அறை என்று சொல்பவர்கள் உண்டு. முந்நூறு பேர் ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது குற்றச்சாட்டு. நாம் வழக்கமாகச் சொல்லும் பதில், வெளியே குளிர் அப்படி, இருக்கிற சூட்டைக் காக்க வேண்டாமா என்பது. அது பொய்யில்லை. திறந்து போட்ட வீட்டில் என்ன மிஞ்சும் என்று வணிகப் பத்திரிகைகளைப் பார்த்தால் தெரியும். ஆனால் இறுக்கத்தை மட்டும் பதிலாகச் சொல்ல முடியாது என்றே இப்போது படுகிறது. ஒரு புதிய பையன் கவிதையோடு வந்தால் அறையின் சூடு ஒரு 100 வாட் ஏறுகிறதா, அல்லது ஏற்கெனவே பேசியதை அவனும் பேசக் கற்றுக்கொள்கிறானா? எதை வெளியே விடச் சம்மதிக்கிறோம்? கிடைத்த அபிப்பிராயங்களில் எதை? யாருடைய பெயரை? இதற்கு மேல் உவமையை இழுக்க விரும்பவில்லை. நமக்கு ஆவது கொஞ்சம் பூசணம்தான். அந்தக் குழந்தைகளுக்கு ஆனது நெஞ்சில்.

ருஷ்ய ஜன்னலின் அந்தச் சிறு கதவுக்கு ஃபோர்தச்கா என்று பெயர். வீடு முழுவதையும் பஞ்சும் காகிதமும் வைத்து ஒட்டிய பிறகும் அதை மட்டும் ஒட்டமாட்டார்கள். தினமும் கொஞ்ச நேரம் திறப்பார்கள், சேர்த்த சூட்டில் கொஞ்சம் போகும், பிறகு மூடுவார்கள். நாவலில் அதற்கு ஒரு வரிகூட ஒதுக்கியிருக்க மாட்டார்கள். யாரோ எழுந்துபோய்த் திறந்தார்கள் என்று போகிற போக்கில் வரும். அந்த வரிகளைத் தேடி அந்தப் புஸ்தகங்களைத் திரும்பவும் வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன்.